குற்றம் நடந்தா ஊருக்கு லாபமா? கம்பம் பக்கத்துக் கணக்கு

2025 ஆகஸ்ட் 9, தேனி ஜில்லா கூடலூர்த் தம்பி ஒருத்தர் கேட்டது

"குற்றமே இல்லாம போச்சுன்னா போலீஸ், வக்கீல், ஜெயில் வார்டன், பூட்டு செய்றவன், கேமரா மாட்டுறவன் யாருக்கும் சோறு இருக்காது. மெட்டு (கேரளாவுக்கு ஏறுற மலைப்பாதை) ஏறிப் போற கள்ளச் சரக்குல வர்ற காசும் கம்பம் பஜார்லதான் செலவாகுது. நகைக்கடை, பைக் ஷோரூம், கறிக்கடை எல்லாம் அதுலயும் ஓடுது. அப்ப குற்றம் பொருளாதாரத்துக்கு நல்லதா, கெட்டதா? நல்லதுன்னு நான் சொல்றேன். இல்லேங்கிறவங்க கணக்கோட வாங்க."

ஆகஸ்ட் 9, ராத்திரி

கணக்கோட வரணுமா, சரி. பூட்டுல இருந்தே ஆரம்பிப்போம், பக்கத்து ஜில்லா சமாச்சாரம். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. கொடுக்கும்போதே பட்டறைக பலது மூடியாச்சு, இருந்தவங்களும் வயசானவங்க. அலிகார்ல இருந்து மெஷின் பூட்டு மலிவா வந்து இறங்குச்சு, கதை முடிஞ்சது. இத்தனைக்கும் நம்ம பக்கம் திருட்டு ஒண்ணும் குறைஞ்சுடல. திருடன் இருந்தும் திண்டுக்கல் பூட்டுக்காரருக்கு அவனால ஒரு பிரயோசனமும் இல்லையே தம்பி.

ஆகஸ்ட் 10

நாலஞ்சு பேரு அந்த உடைஞ்ச ஜன்னல் கண்ணாடிக் கதையைப் போட்டிருக்கீங்க. பிரெஞ்சுக்காரர் பாஸ்தியா 1850ல சொன்னது. கடைக் கண்ணாடியை ஒருத்தன் உடைச்சா, மாத்துனவனுக்குக் கூலி கிடைச்சது கண்ணுக்குத் தெரியும், அந்தக் காசுல கடைக்காரர் வாங்கியிருக்க வேண்டிய செருப்பு தெரியாது. சரியான வாதம்தான். ஆனா அதைச் சொன்னதும் "ஆமால்ல"னு தலையாட்டிட்டு எல்லாரும் போயிடுறாங்க. அதனால நான் அதை வச்சு ஓட்டப் போறதில்ல.

வேற ஒண்ணு சொல்றேன். 2014ல ஐரோப்பிய நாடுகள்ல கணக்கு எழுதுற முறையை மாத்துனாங்க. போதைப் பொருள் வியாபாரம், விபச்சாரம் ரெண்டையும் ஜிடிபியில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்திக் கணக்குல, சேர்க்கணும்னு வந்துச்சு. பிரிட்டன்காரங்க கூட்டிப் பார்த்து, 2009ஆம் வருசத்துக்கு ரெண்டுலயும் சேர்த்து ஆயிரம் கோடி பவுண்டை ஒட்டி வருதுன்னாங்க. இதுல நம்ம தம்பிக்குச் சாதகமா ஒரு பாயிண்ட் இருக்கு: சட்டவிரோதம்னாலும் வாங்குறவனும் விக்கிறவனும் ஒத்துக்கிட்டா அது உற்பத்தி. பாதகமாவும் ஒண்ணு இருக்கு: களவு அதுல ஏறாது. என் பையில இருந்து உன் பைக்கு மாறினா எதுவும் உற்பத்தியாகல.

அப்ப ஒரே கேள்விக்குள்ள ரெண்டு மூணு சாமான் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பேசணும். பிரிக்கிறதுக்கு எனக்கு நேரமாகும், கடையில ஆளு நிக்குது.

ஆகஸ்ட் 14

களவு. இதைப் பத்தி எனக்குச் சொந்தமா சொல்றதுக்கு இருக்கு.

கம்பத்துல எனக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அது போக மச்சானோட சேர்ந்து மேல கேரளாவுல ஆனைக்கரைப் பக்கம் கொஞ்சம் ஏலக்காடு பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பார்க்கிறோம். ஏலக்காய் தெரியாதவங்களுக்கு: காய் செடி மேல காய்க்காது. தூர்ல இருந்து சரம் கிளம்பித் தரையோட படரும், காய் அதுலதான். ஒரே சரத்துல விளைஞ்ச காயும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், பூவும் இருக்கும். அதனாலதான் ஒரு தடவை எடுத்துட்டு, மாசம் ஒண்ணரை மாசம் விட்டு மறுபடி எடுப்பு வருது. ஒரு வருசத்துல இப்படி அஞ்சாறு எடுப்பு.

கூலிக்கு வர்றவங்க விளைஞ்ச காயாப் பார்த்து ஒவ்வொண்ணா கிள்ளி எடுப்பாங்க. ராத்திரி வர்றவனுக்கு அதுக்கு ஏது பொறுமை? அரிவாளால சரத்தோட அறுத்துச் சாக்குல போட்டுக்கிட்டுப் போயிடுவான். வேற எங்கயாவது உக்காந்து உருவிக்குவான். பச்சைக்காய் அஞ்சு கிலோ காய வச்சா ஒரு கிலோ உலர்காய், அதுவும் விளைஞ்ச காயா இருந்தா. அவன் கொண்டு போனதுல பாதி பிஞ்சு, காய்ஞ்சா சுருங்கிச் சொத்தையாப் போகும். அவனுக்குக் கிடைச்சது ஒரு சாக்கு அரைகுறைக் காய். எங்களுக்குப் போனது அந்தச் சரத்துல மிச்சமிருந்த எல்லா எடுப்பும்.

"என் பையில இருந்து உன் பைக்கு"னு மேல எழுதுனேன்ல, நடைமுறையில அப்படிச் சுத்தமா மாறுறதில்ல. பத்து ரூபாய் எடுக்கிறதுக்கு அறுபது ரூபாய் நோட்டைக் கிழிச்சுட்டுப் போறான். அந்த அம்பது ரூபாய் கம்பம் பஜாருக்கும் வரல, கட்டப்பனைக்கும் போகல. மண்ணோட மண்ணாச்சு.

இதுகூடப் பரவாயில்ல, சரம் மறு வருசம் வரும். அதுக்கப்புறம் நாங்க செஞ்சதுதான் பெரிய நஷ்டம். பயத்துல அடுத்த எடுப்பைச் சீக்கிரமே எடுத்தோம், களவாணி வர்றதுக்குள்ள நம்ம எடுத்துடுவோம்னு. விளையாத காய். காய் உலர்த்துற ஸ்டோர்ல போட்டு எடுத்தா அஞ்சுக்கு ஒண்ணு நிக்கல, எடையும் இல்ல, பச்சை நிறமும் இல்ல. எட்டு எம்எம் காய்க்கும் அதுக்குக் கீழ உள்ளதுக்கும் ஏலத்துல எவ்வளவு வித்தியாசம்னு போடிக்காரங்களைக் கேளுங்க. அந்தக் குறைச்சலை எந்தக் களவாணியும் திருடல. எங்க பயம் திருடுச்சு.

அப்புறம் இன்னொண்ணு. சாயங்காலம் ஜீப் ஏறும்போது கூலிக்கு வர்ற பொம்பளைகளோட பையைப் பார்க்கணும்னு மச்சான் சொன்னான். பக்கத்துக் காடுகள்ல பார்க்கிறாங்களாம். பார்த்தோம். சோத்துத் தூக்கு, கொங்காணி, தூறலுக்குப் போர்த்துற பிளாஸ்டிக் ஷீட்டு, அவ்வளவுதான் இருந்தது. மறுநாள் காமயகவுண்டன்பட்டி அக்கா ஒருத்தங்க வரல. எங்க வீட்டு ஆளு கல்யாணம் கட்டி வர்றதுக்கு முன்னாடி இருந்தே அந்தக் காட்டுக்கு வந்தவங்க. எந்தச் செடியில எப்ப எடுக்கணும்னு எங்களைவிட நல்லாத் தெரியும். வேற காட்டுக்கு ஜீப் ஏறிட்டாங்க. போன் போட்டேன். "வயசாச்சு தம்பி, மேடு ஏற முடியல"ன்னாங்க. புதுசாப் போற காடு இதைவிட மேடு.

அவங்க போனதை ஜிடிபியில எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?

ஆகஸ்ட் 15

கேமரா வாங்குனீங்களான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வாங்குனோம். மழைக்காலத்துல லென்ஸ்ல அட்டை ஊர்றது தெளிவாத் தெரியுது.

ஆகஸ்ட் 17

உத்தமபாளையத்துல இருந்து ஒரு டீச்சர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கரை இழுத்திருக்காங்க. 1968ல எழுதுன கட்டுரை: களவாணியும் வியாபாரி மாதிரிதான், கிடைக்கிற லாபம், மாட்டுற வாய்ப்பு, மாட்டுனா தண்டனை மூணையும் எடை போட்டுத்தான் இறங்குறான். ஏலக்காய்க்கு இது அப்படியே பொருந்துது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல இடுக்கியில செடி போச்சு, 2019 கோடை வறட்சியில மிச்சமும் போச்சு. அந்த ஆகஸ்ட்ல புற்றடி ஏலத்துல ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ராத்திரிக் காவலுக்கு ஆளு கிடைக்காத வருசம் அது. ரெண்டு மூணு வருசத்துல விலை ஆயிரத்துக்குக் கீழ இறங்குச்சு. கேட்டைத் திறந்து போட்டாலும் ஒருத்தனும் எட்டிப் பார்க்கல. களவாணிக்குக்கூட வேண்டாத பொருளை விவசாயி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

ஆனா டீச்சர், பெக்கர் கணக்குல களவாணி மட்டும்தான் யோசிக்கிறான். பறிகொடுத்தவனும் யோசிக்கிறான், அதுதான் எனக்கு உறுத்துது. அவன் யோசிச்சு எடுக்கிற முடிவுக எல்லாமே சின்னதாகிற முடிவு. காடு பெருசாக்க மாட்டான். புது ஆளை வேலைக்கு வைக்க மாட்டான். தூரத்துல இருக்கிற நல்ல இடத்தை விட்டுட்டு, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற சுமாரான இடத்தைப் பிடிப்பான்.

ஆகஸ்ட் 31

ரேஷன் அரிசி. தம்பி இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தார்னு தெரியும்.

தமிழ்நாட்டுல 2011 ஜூன்ல இருந்து அரிசி இலவசம். ஒரு கிலோ அரிசியை வாங்கி, வச்சு, கொண்டுவந்து கொடுக்கிறதுக்கு அரசாங்கத்துக்கு ஆகுற செலவு 40 ரூபாயை ஒட்டி வரும். எங்க தெருவுல ஒரு அப்பத்தா அதைக் கிலோ ஏழு ரூபாய்க்குப் போடுது. வண்டி வச்சு வீடு வீடா வாங்குறவன் இருக்கான். அது கம்பம்மெட்டு வழியாவோ குமுளி வழியாவோ மேல போகுது, ஜீப் சீட்டுக்கு அடியில, காய்கறி மூட்டைக்கு நடுவுல. மில்லுல பாலிஷ் போட்டு வேற பேருல வருது. கொஞ்சம் மாவு அரைக்கப் போகுது, கொஞ்சம் கோழிக்கு. அத்தியாவசியப் பொருள் சட்டம் 1955ன்படி குற்றம். இதைப் பிடிக்கவே தனியா ஒரு போலீஸ் பிரிவு இருக்கு.

எங்க அப்பத்தா குற்றவாளியா? அதுக்குச் சர்க்கரை, அந்த அரிசியை அது சாப்பிடுறதே இல்ல. ஏழு ரூபாய்க்கு வித்து மாத்திரை வாங்குது. வாங்குறவனுக்கு லாபம், அப்பத்தாவுக்கும் லாபம். ஐரோப்பாக்காரன் பார்த்தா உற்பத்தின்னு எழுதிக்குவான்.

நாப்பது ரூபாய் செலவுல ஒரு கிழவிக்கு ஏழு ரூபாய் சேருது. மிச்சம் முப்பத்து மூணுல கொஞ்சம் மேல அரிசி வாங்குறவனுக்குக் குறைஞ்ச விலையாக் கிடைக்குது. பாக்கி டீசல், டிரைவர், வழியில நீட்டுற கை, மாட்டுனா வக்கீல். பஜார்ல புழங்குற காசுன்னு தம்பி சொல்றது இந்தப் பாக்கியைத்தான். அது எங்கயும் முளைச்ச காசு இல்ல, நம்மகிட்ட வரியா வாங்குன காசு.

செப்டம்பர் 2

டீச்சருக்கு மேல உள்ளது பிடிக்கல. "அப்பத்தாவைச் சொல்றீங்களே, கடைக்கே வராம குடோன்ல இருந்து நேரா மெட்டு ஏறுற லோடைப் பத்திச் சொல்லலையே"ன்னு கேட்டிருக்காங்க.

நியாயம். ரெண்டும் ஒரே எஃப்ஐஆர் பாரத்துலதான் வருது, ஆனா ரெண்டும் வேற வேற. அப்பத்தா விக்கிறது அது கைக்கு வந்த பொருள். லோடுல போறது அப்பத்தா கைக்கு வராத பொருள். "இந்த மாசம் அரிசி வரல"ன்னு கடைக்காரர் சொன்னா மாத்திரைக்கும் காசு இல்ல. முதலாவதைத் தடுக்கிறதுக்குப் போலீஸ் தேவையில்ல, அரிசி வேண்டாதவங்களுக்கு வேற ஏதாவது கொடுத்தாப் போதும். ரெண்டாவதுக்குத்தான் அந்தப் பிரிவே வேணும். பேப்பர்ல வர்ற போட்டோவில அம்பது கிலோ மூட்டையோட நிக்கிறது எப்பவும் முதல் வகை ஆளுகதான்.

செப்டம்பர் 23

நேத்துல இருந்து லாட்டரிக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 40 சதவீதமாச்சு. குமுளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சீட்டு விக்கிறவங்க இதே பேச்சுதான்.

லாட்டரியை வச்சுப் பார்த்தா தம்பியோட கேள்வி இன்னும் சிக்கலாகுது. தமிழ்நாட்டுல 2003ல தடை. கேரளாவுல 1967ல அரசாங்கமே லாட்டரித் துறை வச்சு, 1968 ஜனவரி 26 முதல் குலுக்கல், சீட்டு ஒரு ரூபாய், பரிசு அம்பதாயிரம். இன்னைக்கு வருசத்துக்கு 12,000 கோடிக்கு மேல சீட்டு விக்குது. நம்ம ஆளுக மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டிப் போய் வாங்கிட்டு வர்றாங்க. 2023 ஓணம் பம்பர் 25 கோடி விழுந்தது திருப்பூர்ப் பக்கத்து ஆளுகளுக்கு, சீட்டு வாளையாறுல வாங்குனது. அந்த வாரம் எங்க கடை மெக்கானிக் ரெண்டு பேரு ஸ்பேர் வாங்கப் போறேன்னு குமுளிக்குப் போனாங்க. ஸ்பேர் கடையே நான்தான் வச்சிருக்கேன்.

12,000 கோடின்னதும் கேரளா கொழிக்குதுன்னு நினைக்காதீங்க. அதுல பெரும்பகுதி பரிசுக்கும் ஏஜென்ட் கமிஷனுக்கும் போயிடுது, கஜானாவுல நிக்கிறது அதுல ஒரு பங்குதான்.

நம்ம பக்கத்துல நடக்கிறது அதைவிட வேடிக்கை. தடை பண்ணோம், ஆட்டம் நிக்கல. மூணு நம்பர் லாட்டரின்னு சந்து சந்தா ஓடுது. துண்டுச் சீட்டுல மூணு நம்பர் எழுதிக் கொடுப்பான், மூணு மணிக்குத் திருவனந்தபுரத்துல குலுக்குற ரிசல்ட்டோட கடைசி மூணு நம்பர்தான் இவனுக்கும் ரிசல்ட்டு. குலுக்குற செலவு கேரள அரசுக்கு, லாபம் இங்க இருக்கிற புக்கிக்கு. பரிசு விழுந்து அவன் கொடுக்கலைன்னா எந்த ஸ்டேஷனுக்குப் போவீங்க? அங்க ஏமாந்தா கேக்கறதுக்கு ஒரு டைரக்டரேட் இருக்கு. இங்க கேட்டா கேட்டவனையும் உள்ள வைப்பாங்க.

கூலிக்காரன் காசு ரெண்டு பக்கமும் போகுது, அது நிஜம். அந்தப் பக்கம் ஒரு பங்காவது ஆஸ்பத்திரிக்குப் போகுது. லாட்டரி நல்லதுன்னு நான் சொல்ல வரல, எங்க சித்தப்பா குடும்பம் தடைக்கு முன்னாடியே அதுல போனது.

செப்டம்பர் 24

கள்ளையும் சேர்த்துப் பேசுங்கன்னு ஒருத்தர். 1987ல இங்க கள்ளுக்குத் தடை, அந்தப் பக்கம் போர்டு போட்ட ஷாப்பு. போடியில இருந்து மேல ஏறி ஒரு ஆளு குடிச்சா கேரளாவுக்கு வருமானம். அதே ஆளு இந்தப் பக்கம் தென்னை மரத்துல ஏறுனா கேஸு. இதுக்கு மேல இதைப் பத்திப் பேசினா சங்கத்துல என்னை வேற மாதிரி பார்ப்பாங்க.

அக்டோபர் 5

"குற்றம் ஒழிஞ்சதால கெட்டுப்போன தொழில் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்"னு தம்பி மடக்குறார். இருக்கு.

ஜிஎஸ்டிக்கு முன்னாடி மெட்டுல எல்லாம் வரிச் செக்போஸ்ட். கேரளாவுல விளைஞ்ச ஏலக்காய் வரி கட்டாம போடிக்கு இறங்குறதுக்குன்னே தேவாரம், கோம்பைப் பக்கத்துக் காட்டுப் பாதையில தலைச்சுமைக்காரங்க இருந்தாங்க. ராத்திரி ஏறி விடியிறதுக்குள்ள இறங்கணும். யானை, அட்டை, ஃபாரஸ்ட்காரர், வழிப்பறி நாலையும் தாண்டி. கூலி நல்ல கூலி. 2017 ஜூலையில செக்போஸ்டை எடுத்தாங்க, நாடு முழுக்க ஏலக்காய்க்கு ஒரே அஞ்சு சதவீதம்னு ஆச்சு. பில்லு இல்லாத சரக்கு இன்னமும் ஓடுது, ஆனா அதைத் தலையில வச்சுக் காட்டுக்குள்ள தூக்க வேண்டிய அவசியம் இல்ல. சுமைக்காரங்க தொழில் போச்சு. செக்போஸ்ட்டுல லாரி நிக்கிறதை நம்பி இருந்த டீக்கடையும் போச்சு, அங்க ஒரு பரோட்டா கடை இருந்தது, அந்தச் சால்னா மாதிரி இனி வராது.

அதுக்காக யாரும் பட்டினி கிடக்கல. சுமைக்காரர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்ப ஜீப் ஓட்டுறார், மேல கூலிக்கு ஆளு ஏத்திக்கிட்டுப் போறார். "அதுல காசு அதிகம், இதுல தூக்கம் அதிகம்"ங்கிறார். பரோட்டா மாஸ்டர் சின்னமனூர்ல சொந்தக் கடை.

இதுல எந்தப் போலீஸும் யாரையும் பிடிக்கல, வரியை மாத்துனாங்க, வேலை முடிஞ்சது. அப்பத்தா அரிசியும் இந்த வகைதான். சரம் அறுக்கிறவன் இந்த வகை இல்ல, எந்தச் சட்டத்தை மாத்தினாலும் அவன் செய்றது நஷ்டம்தான்.

அக்டோபர் 12

2011 டிசம்பர் ஞாபகம் இருக்கிறவங்க இங்க எத்தனை பேரு? முல்லைப் பெரியாறு கலவரம். மேல தமிழ்க் கூலியாளுகளை அடிச்சு விரட்டுனாங்க, கீழ மலையாளத்தாரு கடைகளை உடைச்சாங்க. அடிச்சவன் எல்லாம் கொஞ்சப் பேரு. லோயர் கேம்ப்போட வண்டி நின்னுச்சு. காய்கறி, பாலு, கறி எதுவும் மேல போகல. ஐயப்ப சீசன் அது, கம்பத்துல வருசத்துக்கே சம்பாதிக்கிற மாசம், சாமிக வேற வழியாப் போயிட்டாங்க. மேல ஏலக்காய் எடுக்க ஆளில்லாம பழுத்து வெடிச்சுக் கொட்டுச்சு, கீழ எடுக்கிற ஆளுக வேலையில்லாம உக்காந்திருந்தாங்க. நடுவுல ஒரு மணி நேர ரோடு.

உடைச்ச கடை கண்ணாடியை மாத்துனவனுக்கு அன்னைக்கு வேலை கிடைச்சிருக்கும், தம்பி.

எஸ்டேட்காரங்க வடக்க இருந்து ஆளு கொண்டுவர்றது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு, அதையும் சொல்லணும். ஆனா அதுக்கப்புறம் "தமிழாளு நாளைக்கு வருமா வராதா"ன்னு யோசிக்க ஆரம்பிச்சாங்க. லைன் வீடு கட்டி ஜார்க்கண்ட், அஸ்ஸாம் குடும்பங்களைக் குடி வச்சாங்க. அந்த நாலு நாள் வெறியில கல்லெறிஞ்சவன் பேரு யாருக்கும் தெரியாது.

நவம்பர் 2

தம்பி தனியா மெசேஜ் போட்டிருந்தார், இங்கயே பதில் போடுறேன். "அண்ணே, இவ்வளவு பேசுறீங்க, களவு போன காய் எங்க போகுதுன்னு மட்டும் எழுத மாட்டேங்கிறீங்க."

போடியில ஏலம் எடுக்கிற பெரிய வியாபாரிகிட்ட அது நேரா வராது. ஏலக்கடைக்கும் டீலருக்கும் ஸ்பைசஸ் போர்டு லைசென்ஸ் இருக்கு, 1987 விதிகள்படி. பச்சைக்காயா வாங்குறவங்ககிட்ட வருது. ரோட்டோரம் தராசு வச்சு, சின்ன விவசாயிக கொண்டு வர்ற அஞ்சு கிலோ பத்து கிலோவை வாங்கி ஸ்டோருக்குப் போடுறவங்க. அவங்க இல்லேன்னா சொந்த ஸ்டோர் இல்லாத சின்ன ஆளுக பிழைக்க முடியாது, அது உண்மை. காய் எங்க விளைஞ்சதுன்னு அவங்க கேக்கறதில்ல. விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கேட்டா, தெரிஞ்சுதான் கேக்கிறாங்கன்னு அர்த்தம்.

கம்பம் பஜாருக்கு நல்லதுன்னு நீங்க சொல்ற காசு அந்தக் குறைச்ச விலையில இருக்கு. எங்க காட்டுல மண்ணாப் போன அம்பது ரூபாய்க்குப் பதிலா அங்க ஒருத்தருக்கு நாலு ரூபாய் கூடுதல்.

பச்சைக்காய் வாங்குறவங்க, கொண்டு வர்றவர் பேரையும் காட்டோட பதிவு நம்பரையும் நோட்டுல எழுதணும்னு மேல எங்க பக்கம் பேச்சு ஓடுது. பாட்டத்துக்கு எடுத்தவனுக்குப் பதிவு வேற ஒருத்தர் பேருல இருக்கும், எனக்கே அந்தச் சிக்கல் வரும். இருந்தாலும் எழுதட்டும்ங்கிறேன். அடுத்த எடுப்புக்கு முன்னாடி கூட்டம் போடுறாங்களாம். தராசுக்காரங்களும் வருவாங்க, அவங்கள்ல பாதிப் பேருக்குச் சொந்தக் காடு இருக்கு, அவங்க சரத்தையும் அறுத்திருக்கான்.